பீலி, நிரை, விக்கிப்பீடியா

விக்கிப்பீடியாவில் எழுதவும் திருத்தவும் வருகிறவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார்? மூன்று கொள்கைகள் போட்டிக்கு நிற்கின்றன.

பழையது, அறிவை ஒரு பண்டமாகப் பார்ப்பது. தெரிந்தவர் கொடுப்பார், தெரியாதவர் வாங்கிக்கொள்வார். 2000இல் வந்த, விக்கிப்பீடியாவுக்கு முந்திய இணையக் கலைக்களஞ்சியமான நியூபீடியா இதை நம்பித்தான் அறிஞர்களை எழுதவைத்து, ஏழு கட்டமாகச் சரிபார்த்தது. 2003இல் மூடும்போது முடிந்த கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. விட்டுவிடலாம்.

கற்றல் ஆய்வாளர்கள் ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் ஒரு நூலில் சொன்னது எனக்கு நெருக்கமானது: ஒரு கூட்டத்தின் ஓரத்தில் சேர்ந்து, வேலை செய்துகொண்டே உள்ளே நகர்வதுதான் கற்றல். அவர்கள் காட்டும் லைபீரியத் தையற்கடையில் புதியவன் முதலில் பொத்தான் தைப்பான். துணி வெட்டுவதெல்லாம் பிறகுதான். தேயிலைத் தோட்டத்திலும் இதே கதை. கொழுந்து பறிக்கப் புதிதாகப் பேர் பதிந்த பிள்ளையைப் பழகிய அக்காவின் பக்கத்து நிரையில், அதாவது செடி வரிசையில், விடுவார்கள். பாடம் ஒன்றும் கிடையாது. முத்தல் இலையைக் கூடையில் போட்டால், "அத எடுத்து வீசு புள்ள" என்பாள், அவ்வளவுதான். விக்கியிலும் எழுத்துப்பிழை திருத்த வந்தவர்தான் பிறகு முழுக்கட்டுரை எழுதுகிறார்.

அதே நூலில் ஓர் இறைச்சிக்கடையும் வருகிறது. பழகுநர்களைப் பொதி சுற்றும் மேசையிலேயே நிறுத்திவிட்டார்கள்; வெட்டுகிற இடம் அவர்கள் கண்ணில் படவே இல்லை. ரதி, மதன் கதையை ஆடும் எங்கள் காமன் கூத்தின் வாத்தியார் நிலை கிட்டத்தட்ட அதுதான். ரதி மதன் பாட்டு முழுவதும் நெஞ்சில் இருக்கிறது, அச்சில் இல்லை. அவர் சொன்னதை விக்கியில் எழுதினால், வெளியான ஆதாரம் இல்லையென்று 'சான்று தேவை' என்ற குறிப்பு விழும். விதியைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததெல்லாம் கட்டுரையாகிவிடும். ஆனால் தெரிந்த மனிதர் ஓரத்திலும் தெரியாத நான் நடுவிலும் நிற்பதற்கு லேவ், வெங்கரிடம் நேரான பதில் இல்லை.

மூன்றாவது, கல்வி ஆய்வாளர் ஜார்ஜ் சீமென்ஸ் 2005 வாக்கில் முன்வைத்த இணைப்பியம். அறிவு வலையமைப்பில் இருக்கிறது, குழாய்க்குள் ஓடுவதைவிடக் குழாய்தான் முக்கியம் என்கிறார். பீலியில், அதாவது மலை ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் மூங்கில் குழாயில், தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இது பாதி சரியாகப் படும். மூங்கில் விலகினால் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் முழுக்கக் குடம் காலி. ஆனால் மேல்மலையில் செடிக்குப் பூச்சிமருந்தடித்த நாளிலும் அதே பீலிதான் ஓடுகிறது; உள்ளே வருவதும் முக்கியம்தான்.

இருந்தாலும் வாத்தியாருக்கு உதவுவது இந்தக் குழாய்தான். பாட்டைப் பதிந்து, சிறு நூலாக்கி, ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுத்தால் விக்கியில் சுட்டிக்காட்ட ஏதாவது கிடைக்கும். அவரிடம் சொன்னேன். "அச்சடிச்சா எழுத்துப்பிழய யாருப்பா பாக்குறது?" என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.