ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்டில் காப்பி-பேஸ்ட் சொதப்பாமல் ஓட: நீண்டகாலப் பயன்பாட்டுக் குறிப்புகள்

விண்டோஸில் நாள் முழுக்க ஒரே வகை காப்பி-பேஸ்ட் செய்பவர்களுக்கு விசை அழுத்தங்களைத் தானாகச் செய்யும் ஆட்டோஹாட்கீ மென்பொருள் பெரிய வரம். ஆனால் எழுதிய அன்று ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், கணினி திணறும் ஒரு நாளில் பழைய சங்கதியைக் கொண்டுபோய் ஒட்டிவிடும். பெரும்பாலும் அதற்குக் காரணம், சொன்ன நேரம் வரை ஸ்கிரிப்டை நிறுத்தி வைக்கும் 'ஸ்லீப்' கட்டளைதான்.

கன்ட்ரோல்-சி அனுப்பிவிட்டு அடுத்த வரியில் 'ஸ்லீப் 200' என்று போடுவது பலருக்கும் பழக்கம். செயலி 30 மில்லிசெகண்டில் காப்பியை முடித்துவிட்டால் மீதி 170 வீண். 400 பிடித்தால் கிளிப்போர்டில் முன்பு இருந்ததே கைக்கு வரும். பிழைச்செய்தியும் வராது, ஒருவருடைய எண் இன்னொருவர் வரிசையில் சத்தமில்லாமல் ஏறிவிடும். அதுதான் ஆபத்து.

சரியான வரிசை இது: கிளிப்போர்டைக் காலி செய்யுங்கள், கன்ட்ரோல்-சி அனுப்புங்கள், பிறகு கிளிப்போர்டு நிரம்பும்வரை காத்திருக்கும் 'கிளிப்வெயிட் 1' கட்டளை. எழுத்து வந்து விழுந்ததுமே அடுத்த வரி ஓடும். ஒரு செகண்டுக்குள் வராவிட்டால் 2.0 பதிப்பில் 0 திரும்பும். அப்போது மேலே போகாமல் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் காலி செய்ய மறந்தால் பழைய எழுத்தைப் பார்த்தே கிளிப்வெயிட் திருப்தியடைந்துவிடும். படங்களுக்கு இரண்டாவது மதிப்பாக 1 கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்துக்காகவே காத்திருக்கும்.

எக்செல்லில் ஒரு செல்லைக் காப்பி செய்தால் கடைசியில் ஒரு வரிமுறிவும் ஒட்டிக்கொண்டு வரும். ஒப்பிட்டுப் பார்க்கும் நிபந்தனை தோற்பதும், கிளிப்போர்டில் இருந்ததை விசைகளாக அனுப்பும்போது தேடல் பெட்டியில் தானாக என்டர் விழுவதும் இதனால்தான். வலப்பக்கம் கத்தரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வேகத்துக்கு வருவோம். 1.1 பதிப்பில் விசைகளை அனுப்பும் சாதாரண 'செண்ட்' கட்டளை ஒவ்வொரு விசைக்கும் 10 மில்லிசெகண்ட் இடைவெளி விடும். 300 எழுத்துக்கு 3 செகண்ட். 2022 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் 'செண்ட்இன்புட்' முறையே இயல்பு. விசைகள் ஒரே கட்டாகப் போவதால் நாம் நடுவில் தட்டும் எழுத்து உள்ளே நுழையாது. ஆனால் விசைப்பலகை ஹூக் (விசை அழுத்தங்களை இடைமறித்துக் கவனிக்கும் வசதி) போட்ட இன்னொரு ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்ட் பக்கத்தில் ஓடினால், இது சொல்லாமல் கொள்ளாமல் பழைய மெதுவான முறைக்கே திரும்பிவிடும். ஐந்தாறு சின்ன ஸ்கிரிப்ட்களை ஒரே கோப்பாகச் சேர்த்தாலே இந்தத் தொல்லை போய்விடும். பலருக்குத் தெரியாத, நல்ல பலன் தரும் மாற்றம் இது.

தமிழ் விசைப்பலகை செயலில் இருக்கும்போது 'செண்ட்டெக்ஸ்ட்' கட்டளை பாதுகாப்பானது. விசை எண்ணாக மாற்றாமல் எழுத்தை அப்படியே அனுப்பும். 1.1 பதிப்பில் தமிழ் உள்ள கோப்பை யுடிஎஃப்-8 வித் பிஓஎம் என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். இல்லையென்றால் எழுத்து சிதைந்துவிடும்.

நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்துக்கு விசைகள் போகவில்லையா? ஸ்கிரிப்டையும் அதே உரிமையோடு ஓட்டுங்கள்.

ஸ்லீப் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. கன்ட்ரோல்-வி அனுப்பியதும், முன்பு சேமித்து வைத்த பழைய கிளிப்போர்டு உள்ளடக்கத்தை உடனே திரும்ப வைத்தால், செயலி படிப்பதற்குள் உள்ளடக்கம் மாறி, பழையதே ஒட்டப்படும். பேஸ்ட் முடிந்ததை அறிய நம்பகமான அறிகுறி இல்லை; 200 முதல் 300 மில்லிசெகண்ட் விட்டுத் திரும்ப வையுங்கள், ரிமோட் டெஸ்க்டாப் என்றால் இன்னும் கூடுதலாக. இப்படி ஒவ்வொரு முறை ஓடும்போதும் விண்டோஸ்-வி அழுத்தினால் வரும் கிளிப்போர்டு வரலாற்றில் புதுப் பதிவுகள் சேரும். அதில் 25 பதிவுகளுக்குத்தான் இடம். ஓரிரு வரி எழுத்துக்குக் கிளிப்போர்டைத் தொடாமல் 'செண்ட்டெக்ஸ்ட்' போதும்.