ஹன்னா ஏன் கதவைத் திறக்கவில்லை?

பெர்ன்ஹார்ட் ஷ்லிங்க் 1995இல் எழுதிய ‘தி ரீடர்’ நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நாஜி முகாம் காவலாளி ஹன்னாவுக்கு நாவல் இரக்கம் சம்பாதித்துக் கொடுக்கிறது என்பது ஒரு கட்சி. தாங்கள் நேசித்தவர்களின் குற்றத்தைப் போருக்குப் பிந்தைய தலைமுறை எப்படிச் சுமந்தது என்பதுதான் கதை என்பது இன்னொன்று. இரண்டையும் மனதில் வைத்து மறுபடி படித்தேன். நான் இரண்டாவது கட்சி.

முதல் கட்சியை லேசாகத் தள்ளிவிட முடியாது. எழுத்தாளர் சிந்தியா ஓசிக்கின் கேள்வி கூர்மையானது: படிப்பில் அவ்வளவு முன்னேறிய நாடு செய்த குற்றத்தைச் சொல்ல, எழுத்தறிவே இல்லாத ஒருத்தி எதற்கு? நியாயம்தான். யூதர்களைக் கொன்றொழிக்கும் திட்டத்தை நாஜி அதிகாரிகள் பேசிய 1942 வான்சே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த 15 பேரில் பலர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

ஆனால் ஹன்னாவின் எழுத்தறிவின்மை நாவலில் எதுவரை செல்லுபடியாகிறது என்று பாருங்கள். சீமென்ஸ் நிறுவனத்தில் பதவி உயர்வு வந்தபோது அதை விட்டுவிட்டு, முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்எஸ்ஸில் சேர்ந்ததற்கு அது காரணம். கையெழுத்தை ஒப்பிட வேண்டும் என்றதும், பெண் கைதிகள் தீயில் இறந்தது பற்றிய அறிக்கையை எழுதியது தான்தான் என்று நீதிமன்றத்தில் பொய்யாக ஒப்புக்கொண்டதற்கும் அதுவே காரணம். அதற்கு மேல் இல்லை. ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குத் திருப்பி அனுப்பப் பெண்களைப் பொறுக்கியது பற்றிக் கேட்டால், புதியவர்கள் வருகிறார்கள், பழையவர்கள் இடம் விட வேண்டும் என்கிறாள். தேவாலயம் தீப்பிடித்து, உள்ளே பூட்டிவைக்கப்பட்ட பெண்கள் எரிந்தபோது கதவைத் திறக்காததற்கு, அவர்களைத் தப்பவிட முடியாது, பொறுப்பு எங்களுடையது என்கிறாள். கதவைத் திறக்க எழுத்துத் தெரிந்திருக்க வேண்டுமா? இந்த இடத்தில் ஷ்லிங்க் அவளுக்கு ஒரு சாக்குக்கூட வைக்கவில்லை. அந்தத் தீயில் தாயோடு உயிர் பிழைத்த மகளும் கடைசியில் ஹன்னாவின் பணத்தை வாங்க மறுக்கிறாள். யூதப் படுகொலை தொடர்பான காரியத்துக்கு அதைக் கொடுத்தாலும் பாவமன்னிப்பு மாதிரி ஆகிவிடும் என்பது அவள் எண்ணம்.

அப்புறம் கதையைச் சொல்லும் மைக்கேல். பதினைந்து வயதில் அவளைக் காதலித்தவன், பிறகு சட்ட மாணவனாக விசாரணையில் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது புரிந்த பிறகு நீதிபதியைப் போய்ப் பார்க்கிறான். ஏதேதோ பேசிவிட்டு அதைச் சொல்லாமலே திரும்புகிறான். சிறையில் இருக்கும் அவளுக்குப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்த கேசட்டுகளை வருஷக்கணக்கில் அனுப்புகிறான், ஒரு கடிதம் எழுதுவதில்லை. பெற்றோரின் தலைமுறையைக் கூண்டில் ஏற்றிய பிள்ளைகளின் மௌனமும் இங்கே விசாரணைக்கு வருகிறது. என்னைப் பொறுத்தவரை நாவலின் பலம் இதுதான்.

நான் படித்தது கேரல் பிரவுன் ஜேன்வேயின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஜெர்மன் நடை பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. முகாம்களில் சொந்தங்களை இழந்த குடும்பத்தில் ஒருவர் முதல் கட்சியில் நின்றால், அவரோடு வாதாடவும் மாட்டேன்.

2008இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போவதும் புரிகிறது. கேட் வின்ஸ்லெட்டின் முகம் திரையை நிறைக்கும்போது மைக்கேலின் தன்விசாரணை பின்னுக்குப் போய்விடுகிறது. நாவலில் பேசுகிறவன் அவன். தன்னை அவன் எளிதில் விடுவதில்லை.