பாலியல் வன்முறைக்குப் பின் ஆன்லைன் தெரபி: ஓராண்டுப் பயன்பாட்டில் தெரிய வருபவை

பாலியல் வன்முறையிலிருந்து மீண்டுவரும் பெண்ணுக்கு ஆன்லைன் தெரபி சரிப்படுமா? இதற்கு முதல் மாதத்தில் கிடைக்கும் பதில் வேறு, பன்னிரண்டாம் மாதத்தில் கிடைக்கும் பதில் வேறு. முதல் மாதத்தில் வசதிகள்தான் கண்ணில் படும். பழக்கமில்லாத கட்டிடத்துக்குள் போக வேண்டாம், காத்திருக்கும் இடத்தில் யாரோ ஓர் ஆணுக்கு எதிரே உட்கார வேண்டாம், தாங்க முடியவில்லை என்றால் ஒரே தட்டில் வெளியே வந்துவிடலாம். இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் கிளினிக்கின் நான்கு சுவர்கள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்ட வேலைகளெல்லாம் இப்போது நம் தலையில் என்பது போகப்போகத்தான் உறைக்கும்.

முதல் வேலை, சத்தம். ஹெட்ஃபோன் மாட்டினால் தெரபிஸ்ட்டின் குரல்தான் மறையும், உங்கள் குரல் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். மின்விசிறியையோ மழைச்சத்தம் போடும் போனையோ அறைக்குள் வைத்துப் பயனில்லை. கதவுக்கு வெளியே, கேட்கக்கூடியவரின் காதுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். நிறுத்தி வைத்த கார் பலருக்கு வீட்டைவிட நல்ல இடம். கட்டில் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே தூக்கம் கெட்டிருக்கும், அந்த நினைவுகளைப் பேசிய இடத்திலேயே தலைசாய்த்தால் இன்னும் கெடும். யாராவது திடீரென்று உள்ளே வந்தால் சொல்ல ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்த ஃபைலை நாளைக்கு அனுப்புறேன்’ என்றதும் தெரபிஸ்ட் பேச்சை மாற்ற வேண்டும், அல்லது இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

அடுத்தது தடயம். பூட்டிய திரையில் எட்டிப்பார்க்கும் நோட்டிஃபிகேஷன், காலண்டரில் தானாக ஏறும் அழைப்பு, கார்டு பில்லில் வரும் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை எல்லாரும் யோசித்துவிடுவார்கள். தெரபிஸ்ட் எழுதித் தரச் சொல்லும் பயிற்சித்தாளை போட்டோ எடுத்து அனுப்பும்போதுதான் கோட்டை விடுவார்கள். அந்தப் படம் கிளவுடில் ஏறி, வீட்டில் எல்லாரும் பார்க்கும் டேப்லெட்டில் போய் நிற்கும். துன்புறுத்தியவரே அதே வீட்டில் இருந்தால் பழைய நினைவுகளைக் கிளறும் சிகிச்சையை இப்போது தொடங்கக் கூடாது. பாதுகாப்புத் திட்டம்தான் முதலில்.

நிறுவனமே தகவலைக் கசியவிடுவது தனிக் கதை. விளம்பரத்துக்காகப் பயனர்களின் விவரங்களைப் பிற நிறுவனங்களோடு பகிர்ந்த புகாரில் 2023ல் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நடவடிக்கை எடுத்தது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன். சேரும்போது நிரப்பச் சொல்லும் நீளமான கேள்வித்தாளில் நடந்ததை விவரிக்காதீர்கள். அது செஷனில் பேசும்போது தெரபிஸ்ட்டிடம் மட்டும் சொல்ல வேண்டியது.

இனி திரை. உங்கள் முகம் உங்களுக்கே தெரியும் சின்னக் கட்டத்தை முதல் நாளே மறைத்துவிடுங்கள். அழும்போது எதிரே இன்னொரு முகம் அழுவதைப் பார்த்துக்கொண்டு யாராலும் பேச முடியாது. கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்து, தோளும் கைகளும் தெரியும்படி உட்காருங்கள். கழுத்துக்கு மேல் மட்டும் தெரிந்தால் விரல்கள் இறுகுவது தெரபிஸ்ட்டுக்குத் தெரியாது. வீடியோவில் வரும் மிகப் பெரிய கோளாறே இதுதான்: அதிர்ச்சியில் உறைந்துபோன பெண் அமைதியாக இருப்பதுபோலத் தோன்றுவாள், அல்லது நெட் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பேச்சு வராதபோது காட்ட ஒரு கைச்சைகை வேண்டும். அதேபோல, நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது, எத்தனை நிமிடத்துக்குள், எந்த எண்ணில் என்பதை முதல் செஷனிலேயே முடிவு செய்யுங்கள். ‘நான்தான் கூப்பிடுவேன், 2 நிமிடத்தில்’ என்று தெரபிஸ்ட் பொறுப்பேற்பது நல்லது. பாதியில் விடப்பட்ட பெண் தானாக டயல் செய்வாள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஒவ்வொரு செஷனின் தொடக்கத்திலும் ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்பவரைக் கண்டு எரிச்சல்பட வேண்டாம். அவசரமென்றால் உதவி அனுப்ப அந்த முகவரி வேண்டும்.

சிகிச்சை முறை என்று வந்தால், காக்னிடிவ் ப்ராசஸிங் தெரபி வீடியோவுக்கு நன்றாகப் பொருந்துகிறது. வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்காக பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய முறை அது, வழக்கமாக 12 செஷன். ‘நான் கத்தியிருக்க வேண்டும்’, ‘என் தப்புதான்’ போன்ற, மனம் சிக்கிக்கொண்ட எண்ணங்களை எழுதி, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பதுதான் வேலை. சம்பவத்தை அணு அணுவாக விவரிக்காமலும் இதைச் செய்யலாம். பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு, உள்ள பெண்களிடம் நடத்தி 2015ல் வெளியான ஓர் ஆய்வில், வீடியோ வழி சிகிச்சை நேரடிச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. கண் அசைவோ தட்டலோ செய்தபடி அந்த நினைவைக் கையாளும் இஎம்டிஆர் முறையும் ஆன்லைனில் நடக்கிறது, கைகளைக் குறுக்காகக் கட்டித் தோள்களை மாறி மாறித் தட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மெசேஜ் மட்டும் அனுப்பும் சந்தாத் திட்டம் இதற்குப் போதாது. நள்ளிரவு 2 மணிக்கு எழுதியதற்கு மறுநாள் மதியம் பதில் வந்தால் அந்த இரவு அப்படியேதான் கழியும். செஷன்களுக்கு நடுவே பயிற்சித்தாளைச் சரிபார்க்க வேண்டுமானால் அது உதவும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒதுக்கி வைத்த நினைவுகள் மேலே வருவதால் கெட்ட கனவும் திடுக்கிடலும் கொஞ்ச நாள் கூடும், ‘இது எனக்குச் சரிவரவில்லை’ என்று தோன்றும். அப்போது கைகொடுப்பது பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 கேள்வித்தாள்: 20 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண், எண் கூடினால் பாதிப்பும் கூடுதல். ஒரு வாரம் நாலைந்து புள்ளி ஏறுவதற்குப் பெரிய அர்த்தமில்லை, ஆனால் தொடக்கத்திலிருந்து 10 புள்ளியாவது இறங்கியிருந்தால் அது உண்மையான மாற்றம். ஆறேழு செஷனாகியும் எண் அசையவில்லை என்றால் முறையையோ ஆளையோ மாற்றக் கேளுங்கள், தயங்க வேண்டாம். முதல் நாளே நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்பவரிடமிருந்து உடனே விலகுங்கள்.

செஷன் முடிவு ஆன்லைனில் மிகவும் பலவீனமான இடம். திரை அணைந்த அடுத்த நொடி அடுப்பங்கரையில் நிற்க வேண்டியிருக்கும், வீடு திரும்பும் வழியில் மனசு ஆறும் அந்த அரை மணி நேரம் இங்கே கிடையாது. அதனால் கடைசி 10 நிமிடத்தில் புதிதாக எதையும் திறக்காமல், மூச்சுப் பயிற்சியோடு முடிக்கச் சொல்லுங்கள். பிறகு 20 நிமிடமாவது நடந்துவிட்டு வாருங்கள்.

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள், மணிக்கணக்கில் தன்னிலை மறந்துபோகிறவர்கள், தனியிடமே கிடைக்காதவர்கள் நேரடிச் சிகிச்சையைத் தேடுவதே நல்லது. வழக்கு நடக்கிறது என்றால், தெரபிஸ்ட்டின் குறிப்புகளை நீதிமன்றம் கேட்க முடியுமா என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நிறுத்தும்போது ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது, அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். பயிற்சித்தாள்களை முதலில் பாதுகாப்பான இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு கணக்கையும் உரையாடல்களையும் அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.