பிரிக்பீல்ட்ஸில் ஆங்கில வினைக்காலங்களுக்கென ஒரு சனிக்கிழமை வகுப்பு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஒரு டியூஷன் மையம், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஆங்கில வினைக்காலங்களை மட்டும் விளையாட்டு வழியில் கற்பிக்கும் வகுப்பைச் சனிக்கிழமைகளில் நடத்துகிறது. மூன்றாம் ஆண்டில் பயிலும் என் மகளை ஒரு தவணைக்குச் சேர்த்திருந்தேன்; பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம் என்பதால், நேரில் கண்டதையே எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஆசிரியைக்குத் தெரிந்திருக்கிறது. தமிழில் வினைச்சொல்லே உருமாறிக் காலத்தைக் காட்டுகிறது. மலாயிலோ 'மாக்கான்' (சாப்பிடு) அப்படியே நிற்க, 'சூடா' (முடிந்தது), 'செடாங்' (நடந்துகொண்டிருக்கிறது), 'ஆக்கான்' (இனி நடக்கும்) ஆகிய சொற்கள் முன்னால் வந்து காலத்தைச் சொல்லிவிடுகின்றன. பள்ளித் திடலில் மலாய் பேசிப் பழகிய பிள்ளை 'ஐ ஈட் ஆல்ரெடி' என்பது அந்தப் பழக்கத்தால்தான். அதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. எனவே இங்கே தரையில் மூன்று வண்ண நாடாக்களை ஒட்டி, காட்டப்படும் வினைக்கேற்ப நேற்று, இப்போது, நாளை ஆகிய கோடுகளில் ஒன்றுக்குத் தாவி வாக்கியம் சொல்ல வைக்கிறார்கள். நேற்றுக் கோட்டில் நின்ற ஒரு சிறுவன் 'ஐ புட்டட்' என்றபோது ஆசிரியை திருத்தவில்லை. 'புட்', 'கட்', 'ஹிட்' ஆகிய மூன்று அட்டைகளையும் அவன் கையில் கொடுத்து, இவை எந்தக் கோட்டுக்குப் போனாலும் சட்டை மாற்றாதவை என்றார். கைதட்டும் விளையாட்டும் நன்று: 'வாக்ட்' என்பதற்கு ஒரு தட்டு, 'வான்டெட்' என்பதற்கு இரண்டு. 'வாக்கெட்' என்று இழுக்கும் நம் வழக்கம் அதில் உடனே பிடிபடுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது துப்பறியும் விளையாட்டு. ஒரு குழந்தை வெளியே சென்றதும் மற்றவர்கள் நாற்காலியை நகர்த்தி, சன்னலைத் திறந்து, ஒருவரின் கண்ணாடியை ஒளித்துவைக்கிறார்கள். திரும்பி வந்தவர் 'யூ ஹேவ் ஓப்பன்ட் தி விண்டோ' என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எப்போது நடந்தது என்பதைவிட அதன் விளைவு கண்ணெதிரே இருப்பதே முக்கியம் என்ற நுட்பத்தை, பயிற்றுநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கியும் பதியாததை, இது பதிய வைத்துவிடுகிறது.

எதிர்கால வினைகளில்தான் வகுப்பு சறுக்குகிறது. 'வில்', 'கோயிங் டு' இரண்டையும் 'நாளை' என்ற ஒரே கோட்டில் நிறுத்திவிடுகிறார்கள். பிற்பகலில் கருமேகம் திரள்வதைப் பார்த்துச் சொல்வது 'இட்ஸ் கோயிங் டு ரெயின்'. தொலைபேசி மணி அடித்த கணத்தில் முடிவெடுத்துச் சொல்வது 'ஐ வில் ஆன்சர் இட்'. கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு மேகத்தை வைத்தே இதை விளக்கியிருக்கலாம். மேலும், முதலில் சொல்பவருக்கே நட்சத்திரம் என்பதால் வாயாடிகள் அள்ளிக்கொண்டு போக, கூச்ச சுபாவமுள்ளவர்கள் கோட்டுக்கே வருவதில்லை. முறைவைத்து ஆடவிட்டால் போதும்.

எழுத்துப் பயிற்சி மிகக் குறைவு. ஆகவே இரண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தயங்காமல் சேர்க்கலாம். கட்டுரை எழுத வேண்டிய ஐந்து, ஆறாம் ஆண்டினருக்கு இந்த வகுப்பு மட்டும் போதாது. காரில் செல்பவர்கள் சற்று முன்னதாகவே கிளம்புங்கள், சனிக்கிழமையில் அங்கே நிறுத்துமிடம் கிடைப்பது தனிச் சோதனை.