ஆய்வகத்துக்கு எந்தக் கார உலோகம்: சோடியமா, பொட்டாசியமா, லித்தியமா?

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்குப் பொருள்கள் வாங்கும் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கார உலோகங்களில் சோடியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கிவிட்டேன். ருபீடியமும் சீசியமும் காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடியவை என்பதால் அவை எங்கள் பேச்சிலேயே வரவில்லை.

நீருடன் மூன்றும் ஹைட்ராக்ஸைடையும் ஹைட்ரஜனையும் தருகின்றன. குளோரினுடன் மூன்றும் உப்பாகின்றன. வேறுபாடு வேகத்தில்தான். லித்தியம் நிதானமாக நுரைக்கும், சோடியம் உருகி உருண்டையாகி நீர்ப்பரப்பில் ஓடும், பொட்டாசியமோ நீரைத் தொட்டவுடனே இளஊதாச் சுடருடன் எரியும். வகுப்பறைக் கவர்ச்சி என்று பார்த்தால் பொட்டாசியத்துக்கு ஈடில்லை. ஆனால் அந்த நிறத்தைக் காட்ட உலோகமே வேண்டும் என்பதில்லை. பிளாட்டினக் கம்பியில் சிறிது பொட்டாசியம் குளோரைடை எடுத்துச் சுடரில் காட்டி, நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னால் போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது நீருடனான வினை அல்ல, ஆக்ஸிஜனுடனான வினை. எரியும்போது லித்தியம் பெரும்பாலும் சாதாரண ஆக்ஸைடையும், சோடியம் ஆக்ஸிஜன் கூடுதலான பெராக்ஸைடையும், பொட்டாசியம் அதைவிடவும் ஆக்ஸிஜன் மிகுந்த சூப்பர் ஆக்ஸைடையும் தருகின்றன. அளவில் பெரிய சூப்பர் ஆக்ஸைடு அயனியை, அதே போலப் பெரிய பொட்டாசியம் அயனிதான் படிகத்துக்குள் நிலையாக வைத்துக்கொள்ளும். சிறிய லித்தியம் அயனியால் அது முடியாது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தச் செய்தி, அலமாரியில் ஆபத்தாக மாறுகிறது. எண்ணெய்க்குள் இருக்கும் பொட்டாசியத்தின் மீதும், புட்டியைத் திறந்து மூடும்போது நுழையும் காற்றினால் நாளடைவில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற மேலோடு படியும். அதில் இருக்கும் சூப்பர் ஆக்ஸைடு வலிமையான ஆக்ஸிஜனேற்றி, அதாவது மற்றப் பொருள்களை எரியத் தூண்டுவது. கத்தியை அழுத்தும்போது அது அடியிலுள்ள புதிய உலோகத்துடனும் எண்ணெயுடனும் கலந்து வெடிக்கக்கூடும். ஆகவே அப்படி மேலோடு படிந்த பொட்டாசியத்தை வெட்டவே கூடாது. (கரியமில வாயுவை உறிஞ்சி ஆக்ஸிஜனை வெளிவிடும் என்பதால், இதே சேர்மம் சுரங்க மீட்புப் பணியாளர்களின் சுவாசக் கருவிகளில் பயன்படுகிறது.) ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் திறக்கப்படும் புட்டி, அதாவது பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கும் புட்டி, இந்த மேலோடு உருவாவதற்கு மிகவும் தோதானது.

சோடியத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதன் மேல் படியும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் ஹைட்ராக்ஸைடும் கார்பனேட்டும்தான். கட்டியை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் எண்ணெயை ஒற்றிவிட்டு, மேல்தோலைச் சீவினால் வெள்ளிபோல மின்னும் பரப்பு தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கும். அடர்த்தி (கன செ.மீ.க்கு 0.97 கிராம்) மண்ணெண்ணெயைவிட அதிகம் என்பதால் அதற்குள் முழுவதும் மூழ்கிக் கிடக்கும். கரிமச் சேர்மங்களில் நைட்ரஜன், கந்தகம், ஹாலஜன் ஆகியவற்றைக் கண்டறியும் லாசிகன் சோதனைக்கு எப்படியும் சோடியம் வேண்டும். அந்தச் சோதனையில் உலோகத்தைச் சேர்மத்துடன் சூடாக்கும் சிறு கண்ணாடிக் குழாய்க்குப் பொட்டாசியத்தின் வேகம் ஒவ்வாது.

லித்தியத்தை நான் அதிகம் கையாண்டதில்லை என்பதால் அதைப் பற்றிய என் கருத்தைச் சற்றுத் தள்ளுபடியுடன் படிப்பது நல்லது. மூன்றில் இதுவே சாந்தமானது. ஆனால் அடர்த்தி 0.53 மட்டுமே என்பதால் மண்ணெண்ணெயில் மிதந்து காற்றுக்கு முகம் காட்டும். வாசலினில் பொதிந்து வைக்க வேண்டியிருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் கண்டுகொள்ளாத நைட்ரஜனுடன் இது சாதாரண வெப்பநிலையிலேயே சேர்ந்து நைட்ரைடாகிக் கறுக்கும். ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கும் ஆய்வகத்துக்கு லித்தியம் தேவைப்படலாம். இளநிலை வகுப்புகளுக்கு அதன் அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கழிவை அழிப்பதிலும் சோடியமே எளிது. அதன் துண்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்துவிடலாம். பொட்டாசியத்துக்கு இன்னும் மெதுவாக வினைபுரியும் மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் வேண்டும். சோடியம் தீப்பற்றினால் உலர்ந்த மணல் கைகொடுக்கும். எரியும் லித்தியம் மணலுடனேயே வினைபுரிவதால் கிராஃபைட் தூள் தேவை. நீரையோ கரியமில வாயு அணைப்பானையோ மூன்றுக்கும் பயன்படுத்தக் கூடாது. சோடியம் சாதுவான பொருள் என்று இதற்குப் பொருளில்லை: துணுக்குகள் ஒட்டிய வடிதாளைக் குப்பைத் தொட்டியில் போட்டால், அதில் ஈரம் பட்டதும் தீப்பிடிக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் அந்தத் தாள்களும் ஆல்கஹாலில் நனைந்த பிறகே வெளியே போகின்றன.