யூ-ரிப்போர்ட்: பிள்ளைகளிடமே கேட்கும் சேவை

"எங்களை யாரும்மா கேட்கிறாங்க?" என்று பத்தாவது படிக்கும் என் மகள் அடிக்கடி சலித்துக்கொள்வாள். அதனால்தான் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் நடத்தும் யூ-ரிப்போர்ட்டைப் பற்றி இருவரும் உட்கார்ந்து படித்தோம். 2011-இல் உகாண்டாவில் தொடங்கிய சேவை இது. காசு கிடையாது, சாதாரண போனில் எஸ்எம்எஸ் அனுப்பத் தெரிந்தால் போதும். அப்புறம் வாட்ஸ்அப், மெசஞ்சர் எல்லாம் சேர்ந்துகொண்டன. கேள்வி வரும், பதில் அனுப்பலாம். யார் சொன்னது என்பது வெளியே தெரியாது. மொத்த முடிவு மட்டும் இணையதளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில், மதிப்பெண்ணுக்காக ஆசிரியர்கள் பாலுறவு கேட்கிறார்களா என்று இதில் கேட்டார்கள். சுமார் 13,000 பேருக்கு அந்தக் கேள்வி போனது. பதில் சொன்னவர்களில் 86 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்டிருந்தால் எந்தப் பிள்ளை வாய் திறந்திருக்கும்? அந்த இடத்தில் நாங்கள் இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

குறை என்றால், கையில் போன் இல்லாத பிள்ளை வெளியேதான் நிற்கும். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அண்ணன் சட்டைப்பையில் என்றால் தங்கையின் கருத்து எப்படிப் போய்ச் சேரும்? "ஆம், இல்லைன்னு தட்டினா அது பேச்சாம்மா?" என்பது மகளின் குறை. அதுவும் சரிதான்.

ஐந்துக்கு நான்கு கொடுத்தேன். அவள் மூன்றரைதான் என்கிறாள்.