பதிவுக்கு முன்பே எதிர்ப்பதா, பின்பு நீக்கக் கேட்பதா?

உங்கள் காமிக்ஸ் நாயகனை உரித்துவைத்த உருவத்தை வேறொருவர் தன் வணிகச் சின்னமாகக் கேட்கிறார். இந்தியச் சட்டத்தில் இரு வழிகள் உண்டு: பதிவாகும் முன் எதிர்ப்பு, பதிவான பின் நீக்கம்.

கெடு
எதிர்ப்பு: விண்ணப்பம் அரசின் வணிகச் சின்ன இதழில் வெளியானதிலிருந்து 4 மாதம்.
நீக்கம்: அப்படிக் கெடு இல்லை. ஆனால் அந்தச் சின்னத்தின் பயன்பாட்டைத் தெரிந்தே 5 ஆண்டுகள் பொறுத்திருந்தால் நீக்கக் கேட்கும் உரிமை பெரும்பாலும் பறிபோகும்.

செலவு
இரண்டுக்கும் டிஎம்-ஓ படிவம். இணையவழியில் ஒவ்வொரு பொருள் அல்லது சேவை வகுப்புக்கும் 2,700 ரூபாய். வழக்கறிஞர் கட்டணம்தான் பெரிது.

சுமை
எதிர்ப்பு: விண்ணப்பதாரர் 2 மாதத்தில் பதிலுரை தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பாதிச் சண்டை அங்கேயே முடியலாம்.
நீக்கம்: பதிவே அவருக்கு முதல்நிலைச் சான்று, அதாவது மறுக்கப்படும்வரை செல்லும்; அதை உடைப்பது உங்கள் பாடு.

சான்று இரண்டிலும் ஒன்றே. பெயரை மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாதீர்கள். 1997இல் ‘நாகராஜ்’ என்ற காமிக்ஸ் பாத்திரத்துக்காக, அதைப் போன்ற ‘நாகேஷ்’ என்ற பாத்திரத்தின் மீது டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, பாம்புத்தோல் போன்ற பச்சை உடையும் கணக்கில் வந்தது.

இதழைத் தவறாமல் பார்ப்பவர் எதிர்ப்பையே தேர்ந்தெடுக்கலாம். பொருள் கடைக்கு வந்த பிறகே விழித்துக்கொண்டவருக்கு நீக்கம்தான். பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ கோரலாம்.